முப்பது வயதுக்குள் பிரஷரா?

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது பின்வரிசையில் ஒரு தம்பி, "இதுக்கு எங்க அப்பாவையில்ல அனுப்பியிருக்கணும்" என்று சொன்னது காதில் விழுந்தது. தம்பி, நான் வந்ததே உங்களுக்காகத்தான்.

28 வயது இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் பிரஷர் பார்த்தபோது 152/96. எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். மூன்று மாடி ஏறிப்போய், போனில் பேசிக்கொண்டே கையை நீட்டியிருக்கிறார். சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள். ஜிம்முக்குப் போகிற கை, பட்டையோ சின்னது. சின்னப் பட்டை அளவைக் கூட்டித்தான் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னேன். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்தார். பெரிய பட்டையைக் கட்டிப் பார்த்தால் 128/80.

அதற்காக எல்லாம் பொய்க்கணக்கு என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை வீட்டில் பார்த்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். அது 135/85-ஐத் தொட்டால் பிரஷர் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இருந்தால், அடுத்த கேள்வி: இந்த வயதில் ஏன்? பெரும்பாலோருக்குக் குடும்ப வாகு, எடை, உப்பு, தூக்கக் குறைவு. ஆனால் எல்லோருக்கும் அப்படியில்லை. 24 வயதுப் பெண் ஒருவர், வலது கையில் 170/100. மாதக்கணக்கில் மாத்திரை, குறையவில்லை. இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நாடியே கிடைக்கவில்லை. தகயாசு என்கிற ஜப்பானியக் கண் மருத்துவர் 1908-இல் எழுதிவைத்த நோய். பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடும். நம் நாட்டில் இளம்பெண்களுக்கு வருகிற ஒன்று. அதுவரை யாரும் இரண்டு கையையும் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சிறுநீரகம், அட்ரினல் சுரப்பி, தைராய்டு, மூச்சு நின்று நின்று வரும் குறட்டை எல்லாம் இந்த வரிசையில் வரும். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், இ.சி.ஜி. இவற்றைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

நாமே விழுங்குவதும் உண்டு. வலி மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை. இருமலுக்கு நல்லது என்று தினமும் மெல்லும் அதிமதுரமும் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பாட்டி கோபித்துக்கொண்டாலும் உண்மை இது. இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதுவும் உப்புதான். எதிலிருந்து வந்தாலும், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் அளவுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

இப்போது கைக்கடிகாரக்காரர்களிடம் வருகிறேன். துடிப்பு 68, 81, 74 என்று ஆடுகிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் படம் அனுப்புகிறார்கள். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். மூச்சை இழுத்தால் வேகம் கூடும், விட்டால் குறையும். இளம் இதயத்தின் இயல்பு அது. உட்கார்ந்திருக்கும்போதே எப்போதும் நூறுக்கு மேல் என்றால் ரத்தசோகையையும் தைராய்டையும் பாருங்கள். சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று 170, 180 என்று ஓடி, அதேபோல் சட்டென்று நின்றால், ஓடும்போதே இ.சி.ஜி. எடுக்க வேண்டும், நின்றபிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். படபடப்போடு மயங்கி விழுந்தாலோ, வீட்டில் யாராவது இளம்வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் 108.

மாத்திரை எடுப்பவர்கள் நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாகத் துடிப்பைக் குறைக்கும் வகையை. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; சில பிரஷர் மாத்திரைகள் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆகாது.

மேஜையில் இரண்டு மெஷினும் மூன்று அளவில் பட்டைகளும் வைத்திருக்கிறேன். வரிசையாக வாருங்கள். வாசலில் இப்போதுதான் காபி குடித்தவர்கள் அரை மணி நேரம் கழித்து வாருங்கள். அந்தப் பின்வரிசைத் தம்பி, நீங்கள்தான் முதலில்.