இடைவெளியைக் கடந்த கதை

வன்னி நேயர்களுக்கு வணக்கம். உலகின் பழைய கட்டடக்கலையை அரசர்களின் பெயர்களாலும் பாணிகளின் பெயர்களாலும் வகுத்துச் சொல்வது வழக்கம். எனக்கோ அது பெரும்பாலும் ஒரே சிக்கலின் வரலாறாகத் தோன்றுகிறது: இரண்டு சுவர்களுக்கு இடையிலுள்ள வெளியை எதனால், எப்படி மூடுவது?

நம் மண்வீடுகளில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. வைரமேறிய பனையில் வளையும் சிலாகையும் அறுத்துப் போட்டால் அவை சற்று வளைந்து கொடுத்தே பாரத்தைத் தாங்கும். கல் அப்படியன்று. மேலிருந்து அமுக்கும் பாரத்தை நன்றாகவே ஏற்கும் கல்லை உத்தரமாகக் குறுக்கே கிடத்தினால், அடிப்புறம் இழுபட்டு வெடித்துவிடும். எகிப்தின் கர்னாக் கோயிற் பெருமண்டபத்தில் 134 தூண்கள் நெருங்கி நிற்பது ஆடம்பரத்துக்காக மட்டுமன்று. கல் உத்தரம் அதற்குமேல் எட்டாது.

ஒவ்வொரு வரியையும் கீழ்வரியைவிடச் சிறிது உள்ளே தள்ளி அடுக்கி உச்சியில் சேர்ப்பது இன்னொரு வழி. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் உள்ளே கூடாக எழுவது இம்முறையில்தான். இதில் உயரம் கிடைக்கும், அகலம் கிடைக்காது.

அகலத்தைத் தந்தது வளைவு. மெசொப்பொத்தேமியர் அதனை வெகு முன்னரே அறிந்திருந்தனர். பெரிய அளவில் துணிந்து கையாண்டவர்கள் உரோமர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ஏட்ரியன் பேரரசன் காலத்தில் முடிந்த, உரோம் நகரிலுள்ள பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீற்றர் அகலமானது. உள்ளே இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாத கொங்கிறீற் அது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் குழைத்த சாந்தில் கீழே கனமான கல்லையும், மேலே போகப்போக இலேசான கல்லையும், உச்சியை அண்டி நீரில் மிதக்கும் நுரைக்கல்லையும் சேர்த்தார்கள். நடுவில் ஏறத்தாழ 9 மீற்றர் அகலத்தில் திறந்த வாய் ஒன்று இருக்கிறது. அது பாரத்தைக் குறைக்கிறது. அதன் விளிம்பு வளையம் சுற்றிலுமிருந்து வரும் நெருக்கத்தைத் தாங்குகிறது. மழை உள்ளே விழத்தான் செய்யும். அதற்கென்றே தரையைச் சற்று மேடாக்கி, வடிதுளைகளும் விட்டிருக்கிறார்கள். கூரையை விட அந்தத் தரையைத்தான் நான் அதிகம் வியப்பேன்.

1420இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரப் பேராலயத்தின் குவிமாடத்தைத் தொடங்கிய கட்டடக்கலைஞர் புருனெல்லெஸ்கிக்கு வேறொரு தொல்லை. அவ்வளவு பெரிய வளைவு இறுகும்வரை அடியில் முட்டுக்கொடுக்க மரச்சட்டம் கட்டுவது நடக்கக்கூடியதாக இல்லை. அவர் செங்கல் வரிகளுக்கிடையே ஆங்காங்கே செங்கற்களை நிமிர்த்தி வைத்தார். சாந்து காயுமுன் சரியப்பார்க்கும் வரியை அவை பிடித்துக்கொண்டன. ஒரு வளையம் மூடியதும் அது தானே நின்று, அடுத்த வளையத்துக்கு அடித்தளமாயிற்று. இப்படியே ஏறி, 1436இல் உச்சி வளையத்தை மூடினார்கள்.