நீதியரசர் கன்னாவின் பெருமை அவர் எழுதிய தீர்ப்பிலேயே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நெருக்கடி நிலைக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஹன்ஸ் ராஜ் கன்னாவுக்குப் பெருமை சேர்த்தது, விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களின் வழக்கில் அவர் இருக்கையில் அமர்ந்து எழுதிய மாறுபட்ட தீர்ப்பா, அந்த இருக்கையையே துறந்த செயலா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். பணிமூப்பில் தனக்குப் பின்னால் இருந்தவரைத் தலைமை நீதிபதியாக்கிய அரசின் முகத்துக்கு நேராகக் கன்னா நீட்டிய விலகல் கடிதமே தன்மானத்தின் உச்சம் என்பது ஒன்று. நான்கு பேருக்கு எதிராக ஒருவர் எழுதிய தீர்ப்பினால் ஒரு கைதிகூட விடுதலையாகவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதாக அவர் சொன்னது உண்மைதான். அதை ஒளிக்காமலேயே தீர்ப்புதான் பெரிது என்று வாதாட வந்திருக்கிறேன்.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. அடுத்த இரண்டு நாட்களில், அரசியலமைப்பின் 14 (சட்டத்தின் முன் சமத்துவம்), 21 (உயிரும் விடுதலையும்), 22 (கைதானவருக்குப் பாதுகாப்பு) ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளை நிலைநாட்டக் கோரி எவரும் நீதிமன்றம் செல்ல முடியாது என்று குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களுக்காக, காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுக்கள் நாடெங்கும் குவிந்தன. அவற்றை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லின. அந்த நீதிபதிகள் ஒருவரும் பதவி விலகி வீட்டுக்குப் போய்விடவில்லை என்பதை எதிரணி நண்பர்கள் கவனிக்க வேண்டும். பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரின் காவலை எதிர்த்த மனுவை டெல்லியில் விசாரித்த நீதிபதி ரங்கராஜன் இடமாற்றம் செய்யப்பட்டார்; உடன் அமர்ந்த நீதிபதி அகர்வால் நிரந்தரமாக்கப்படாமல் மீண்டும் அமர்வு நீதிபதியாக அனுப்பப்பட்டார். இருக்கையில் இருந்தபடியே நியாயம் சொல்வதற்கு அன்று இருந்த விலை இது.

மத்திய அரசின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தலைமை நீதிபதி ஏ.என். ரே, கன்னா, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய ஐவர் அமர்ந்தனர். விசாரணையின்போது, அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கன்னா ஒரு கேள்வி கேட்டார். சொந்தப் பகையினால் ஒரு காவல் அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டால், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை அதற்கு நீதிமன்றத்தில் பரிகாரம் உண்டா, இல்லையா? தன் வாதத்தின்படி பரிகாரம் இல்லை என்றே டே பதில் சொன்னார்.

அந்தக் கேள்வி வெறும் கற்பனை இல்லை, நடுவர் அவர்களே. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவல் துறை பிடித்துச் சென்றது. கக்கயம் முகாமில் நடந்த சித்திரவதையில் அவர் இறந்தார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும் பதில் கிடைக்கவில்லை. நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகே கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய அவருக்கு வழி பிறந்தது. சென்னையில் 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடிபட்டதையும், பிற்பாடு அதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்ததையும் இந்த அவையில் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். சிறைச்சாலைகளின் கதவுகளுக்குப் பின்னால் இவை நடந்துகொண்டிருந்த மாதங்களில்தான் ஐந்து நீதிபதிகளும் தங்கள் தீர்ப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1976 ஏப்ரல் 28 அன்று நால்வர் அரசின் பக்கம் நின்றனர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அவர் எழுதியதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். உயிரும் உடல் விடுதலையும் 21ஆம் பிரிவு கொடுத்த வரம் அல்ல. அரசியலமைப்பு எழுதப்படும் முன்பே, சட்டத்தின் அனுமதியின்றி ஒருவரின் உயிரையோ விடுதலையையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் இருந்ததில்லை. எனவே அந்தப் பிரிவை நிறுத்திவைத்தாலும் அந்த அதிகாரம் அரசுக்கு வந்துவிடாது. மிசா சட்டமே விதித்த எல்லைக்குள் ஒருவர் அடைக்கப்பட்டிருக்கிறாரா என்று பார்க்கும் உயர் நீதிமன்றத்தின் வாயைக் கட்டிவிட முடியாது. நெருக்கடி நிலையை அவர் ரத்து செய்யவில்லை. அரசைக் கண்டித்து மேடைப் பேச்சும் எழுதவில்லை. சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே நின்று மறுத்தார். அதனால்தான் அந்த மறுப்பை அரசியல் என்று யாராலும் தள்ள முடியவில்லை.

அதற்கான விலை அவருக்கு முன்பே தெரியும். ஹரித்வாரில் கங்கைக் கரையில் தன் சகோதரியிடம், தான் ஆயத்தம் செய்திருக்கும் தீர்ப்பு தலைமை நீதிபதி பதவியைத் தன்னிடமிருந்து பறிக்கும் என்று சொன்னதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்படியானால் பதவியைத் துறந்தது 1977 ஜனவரியிலா, அந்தத் தீர்ப்பை எழுதிய நாளிலா? எதிரணி போற்றும் தியாகம் தீர்ப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்கிறேன். பெக் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டபோது கன்னா எழுதிய விலகல் கடிதம், ஒன்பது மாதங்களுக்கு முன் முடிந்துவிட்ட ஒரு முடிவுக்கு இட்ட கையெழுத்து.

விலகல் மட்டுமே பெரிது என்றால் 1973ஐயும் பார்க்க வேண்டும். கேசவானந்த பாரதி வழக்கில் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று 7 நீதிபதிகள் சொன்னார்கள். 6 பேர் ஏற்கவில்லை. கன்னாவின் கருத்தே தராசை ஒரு பக்கம் சாய்த்தது. அதன் பின் ஷெலாத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி ரே தலைமை நீதிபதியாக்கப்பட, மூவரும் விலகினர். அவர்கள் மானமுள்ளவர்கள், நான் தலை வணங்குகிறேன். ஆயினும் காலியான இருக்கைகளை நிரப்பும் வாய்ப்பு அதே அரசின் கைக்குத்தான் போனது. 1976இல் பெரும்பான்மையோடு சேர்ந்த பகவதி, அந்த மூவரும் விலகிய பிறகு, 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவர். மூவரின் விலகல் நமக்கு வருத்தத்தைத் தந்தது. ஆட்கொணர்வு வழக்கில் பயன்படுத்த ஒரு வரியைக்கூட அதனால் தர முடியவில்லை.

ஒரு கைதியும் விடுதலையாகவில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். 1978இல் நாடாளுமன்றம் 44ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்து, நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்று வகுத்தது. 2011இல் பகவதி, தான் அன்று எடுத்த நிலை தவறு என்று வெளிப்படையாக வருந்தினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1976இன் பெரும்பான்மைத் தீர்ப்பை நீக்கியது. அதைக் கடும் பிழை என்று எழுதியவர், அந்த நால்வரில் ஒருவரான சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட். கன்னாவின் மறுப்பே சரி என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இன்று ஓர் ஆணோ பெண்ணோ நள்ளிரவில் பிடித்துச் செல்லப்பட்டால், அவர்களின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டக்கூடியது கன்னாவின் தீர்ப்பு. அவருடைய விலகல் கடிதத்தை அங்கே எடுத்துக்காட்ட வழி ஏதும் இல்லை.

விலகலில் பெருமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 65 வயதில் ஓய்வு பெற அவருக்கு ஐந்தாறு மாதங்களே இருந்தன. பேசாமல் இருந்து கழித்திருக்கலாம். கழிக்கவில்லை. ஆனால் 1976 ஏப்ரலில் அவர் ஐந்தாவது ஆளாக அந்த நால்வரோடு சேர்ந்திருந்தால், அவரைத் தாண்டிப் பதவி கொடுக்க அரசுக்குத் தேவையே வந்திருக்காது, விலகலும் நிகழ்ந்திருக்காது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். நெருக்கடி நிலை பிறந்த 1975 ஜூனிலேயே கன்னா மனம் வெறுத்துப் பதவி விலகிப் போயிருந்தால், நிரேன் டேயிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடியவர் மற்ற நால்வரில் யார் என்று அவர் இந்த அவைக்குச் சொல்ல வேண்டும்.