வாங்கிய கருவிக்கு யார் எஜமான்?

வணக்கம் நேயர்களே. இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மேசைமேல் ஒன்று என்பீர்கள். கைப்பேசிகளைச் சேர்த்தால் மூன்று, நான்கு ஆகும். நான் அத்துடன் விடமாட்டேன். கூடத்துத் தொலைக்காட்சி, அதன் அடியில் உள்ள செட்டாப் பாக்ஸ், மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டர், எல்லாமே கணினிகள்தாம். அவை ஒவ்வொன்றுக்குள்ளும் வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேஸ்திரியாக ஒரு மென்பொருள் இருக்கிறது. அதுதான் இயங்குதளம். இதற்குமேல் விளக்கப் போனால் படம் வரைய வேண்டியிருக்கும். வானொலியில் அதற்கு வழியில்லை.

கல்லூரிக் கணினி ஆய்வகம் ஒன்றைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் நான். எனக்கு நெடுநாளாக ஒரே கேள்விதான். காசு கொடுத்து வாங்கிய கருவி என்னென்ன செய்யலாம், எத்தனை ஆண்டு உழைக்கலாம் என்பதை முடிவு செய்வது யார்? வாங்கியவரா, விற்றவரா?

விண்டோஸை நிறுவும்போது நீளமான ஓர் ஒப்பந்தம் திரையில் வரும். படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிடுகிறோம். இந்த மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. சென்னையில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இது உடனே புரியும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டும். ஆனால் குழாய் ஒழுகினால் அவரைக் கூப்பிட்டுச் சத்தம் போடலாம். லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளம், அதாவது எழுதிய நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருப்பது, சொந்த வீடு. சுவரை இடிக்கலாம், மாடி எழுப்பலாம். குழாய் ஒழுகினால் நாமேதான் ஆளைத் தேடி அலைய வேண்டும். இரண்டிலும் சுகமும் உண்டு, தொல்லையும் உண்டு.

இந்தச் சொந்த வீட்டுக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன். யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற ஏற்பாட்டில் ஓர் இயங்குதளத்தைக் கட்டப்போவதாக 1983-இல் அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதிய லினக்ஸ் என்ற கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, வந்து சேர்ந்ததும் வீடு குடியேறத் தயாரானது. ஸ்டால்மன் வகுத்த ஜிபிஎல் என்ற உரிமத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த நிரலை எடுத்து மாற்றுங்கள், காசுக்கும் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் யாருக்கு விற்கிறீர்களோ அவர் கேட்டால் மூலநிரலையும், அதாவது மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவில் எழுதிய நிரலையும், கொடுத்தாக வேண்டும்.

இந்த நிபந்தனை என்ன செய்யும் என்பதற்கு நான் வழக்கமாக ஒரு கதை சொல்வேன். ‘ஐயா, அந்த நீலப் பெட்டிக் கதையா?’ என்று என் மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். நீங்கள் புதியவர்கள், தப்பிக்க முடியாது.

2002-இன் இறுதியில் லின்க்ஸிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வீட்டு ரவுட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் டபிள்யூஆர்டி 54ஜி. நீலமும் கறுப்புமான பெட்டி, முதுகில் கொம்பு முளைத்ததுபோல் இரண்டு ஆன்டெனா. அடுத்த ஆண்டே சிஸ்கோ என்ற பெரிய நிறுவனம் லின்க்ஸிஸை விலைக்கு வாங்கியது. அதே 2003-இல் நிரல் ஆர்வலர்கள் சிலர் இந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளைத் துருவிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது லினக்ஸ்! லினக்ஸை எடுத்துக்கொண்டதில் தவறே இல்லை. மூலநிரலைத் தராததுதான் தவறு. உரிமத்தைக் காட்டிக் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். கடைசியில் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கதவு திறந்ததும் உலகெங்கும் ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். அலைவரிசையின் வலுவைக் கூட்டினார் ஒருவர். தொலைபேசி அழைப்புக்கு முதலிடம், பதிவிறக்கத்துக்கு இரண்டாம் இடம் என்று வரிசை வகுத்தார் இன்னொருவர். அதுவரை விலை உயர்ந்த அலுவலகக் கருவிகள் செய்துவந்த வேலைகளை இந்த வீட்டுப் பெட்டி செய்யத் தொடங்கியது. 2004-இல் அந்த மூலநிரலிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்தது. இன்று அது எத்தனையோ நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஓடுகிறது. 2005-இல் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அதே பெட்டிக்குள் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற தனியுரிம இயங்குதளத்தை வைத்தது. ஆர்வலர்கள் முகம் சுளித்தார்கள். உடனே பழைய அமைப்பையே பெயரின் கடைசியில் ‘எல்’ என்ற எழுத்தைச் சேர்த்துத் தனி மாதிரியாக விற்றது. ‘எல்’ என்றால் லினக்ஸ். அந்த மாதிரி பல ஆண்டுகள் நன்றாக விற்றது. திறந்து காட்ட வேண்டி வந்த பொருள், திறந்து காட்டியதற்காகவே விற்றது என்பதை மறுபடியும் சொல்கிறேன். வியாபாரிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறிப்பிட்ட வகைச் செயலிகள் வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. விசைப்பலகையில் ஒரு கட்டைகூடத் தேயாத கணினி, தேதி மாறியதால் கிழடாகிவிடுகிறது. சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாருங்கள், நல்ல மடிக்கணினிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். ‘சார், இதைத் தூக்கிப் போட்டுவிடவா?’ என்று என்னிடம் கேட்காத அண்டை வீட்டார் இல்லை.

‘என்ன வேலைக்கு வைத்திருக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பேன். கடைக் கணக்கை டாலியில் எழுதுகிறவர் என்றால் விண்டோஸோடு இருங்கள் என்றுதான் சொல்வேன். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கொள்கைக்காக ஒருவர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. கடிதம், மின்னஞ்சல், ரயில் டிக்கெட், பேரனோடு வீடியோ அழைப்பு, இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் போட்டுத் தருவேன். கணினியில் இருப்பதை அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிடலாம். தமிழில் எழுதவும் தடையில்லை. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணையம் மாநாட்டையொட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. அதை உருவாக்கியவர்கள் இங்கே சென்னையில் உள்ள, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் மையத்தினர். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை. மென்பொருளைக் கொடுத்தோம், அதைச் சொல்லித்தர ஆளைக் கொடுக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரல்களைக் காட்டுகிறார்கள். கைப்பேசியைப் பற்றிப் பாதி நேரம் பேசுவதாகத் திட்டமிட்டிருந்தேன். நீலப் பெட்டி அதை விழுங்கிவிட்டது.

சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-இல் சந்தைக்கு வந்த ஆன்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூகுளின் பிளே ஸ்டோர், வரைபடம் போன்றவை மூடிய மென்பொருள்கள். போதாததற்கு, வேறு இயங்குதளத்தை ஏற்ற முடியாதபடி பல நிறுவனங்கள் பூட்டும் போட்டிருக்கின்றன. ஐபோன் நம் ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்பட்டாலும் அதன் ஐஓஎஸ் ஆப்பிளின் பிடியில்தான் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் கைப்பேசிக்கு அது கிடைக்காது. ஆனால் பழைய ஐபோனுக்கும் ஆண்டுக்கணக்கில் திருத்தங்கள் வருவதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலிவான ஆன்ட்ராய்டுகள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் எஸ்24 போன்ற மாதிரிகளுக்கு ஏழு ஆண்டுகள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்று கேளுங்கள். விற்பனையாளர் விழித்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

தொலைக்காட்சியைப் பற்றிப் பேச நேரமே இல்லை. வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.