அசையாத கோடு, குளிர்ந்த வீடு

நண்பர்களே, முதலில் இரண்டு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் வறுமை அபாயத்தில் இருந்தவர்கள் 2021இல் 16.8 சதவீதம், 2023இல் 16.2. குறைந்திருக்கிறது! அதே காலத்தில், வீட்டைப் போதிய சூட்டில் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் 6.9 சதவீதத்திலிருந்து 10.6 ஆகிவிட்டார்கள். இரண்டும் ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் தந்த எண்கள்தான்.

இது எப்படி? வறுமைக் கோடு என்பது அங்கே நாட்டின் இடைநிலை வருமானத்தில், அதாவது எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் வருபவரின் வருமானத்தில், 60 சதவீதம். ரொட்டி என்ன விலை, எரிவாயு என்ன விலை என்று அந்தக் கோடு கேட்பதே இல்லை. போதாக்குறைக்கு, கணக்கெடுப்பில் பதிவாகும் வருமானம் பெரும்பாலான நாடுகளில் முந்தைய ஆண்டினுடையது. 2022 அக்டோபரில் யூரோ நாடுகளின் பணவீக்கம் 10.6 சதவீதத்தைத் தொட்டபோதும் அதற்காகக் கோடு அசையவில்லை.

விலைவாசியின் அடி தெரிவது யூரோஸ்டாட்டின் இன்னொரு பட்டியலில். அதில் 13 இனங்கள்: காலுக்குப் பொருந்தும் இரண்டு ஜோடி செருப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள் சத்தான சாப்பாடு, பாக்கியில்லாத வாடகை இப்படி. ஏழு இனங்களுக்கு வழியில்லை என்றால் கடும் பற்றாக்குறை. மாதம் ஒருமுறை உற்றார், நண்பர்களோடு கூடிச் சாப்பிடுவதும் அதில் ஓர் இனம். கை இறுகும்போது வாடகையை நிறுத்த முடியாது, இதை நிறுத்தலாம். சமூக ஒதுக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

அரசு உதவி கொடுக்கவில்லையா என்பீர்கள். கொடுத்தது, காலம் கடந்து. பிரிட்டனில் 2022 ஏப்ரலில் உதவித்தொகை 3.1 சதவீதம்தான் ஏறியது, ஏனென்றால் அளவுகோல் முந்தைய செப்டம்பர் மாத விலைவாசி. அந்த ஏப்ரலில் பணவீக்கம் 9 சதவீதம். ஜெர்மனியில் தனியாக வாழ்பவருக்கான மாத உதவி 2022 ஜனவரியில் 446 யூரோவிலிருந்து 449 ஆனது. மூன்றே யூரோ! வாடகையும் சூடேற்றும் செலவும் தனியாகக் கிடைக்கும். மின் கட்டணத்தை இந்த 449க்குள்தான் கட்ட வேண்டியிருந்தது. ஜூலையில் ஒருமுறை 200 யூரோ கொடுத்தார்கள். தொகை 502 ஆனது 2023 ஜனவரியில்தான்.

பிரிட்டனின் முன்பண மீட்டரை, அதாவது முதலில் பணம் போட்டால்தான் மின்சாரமோ எரிவாயுவோ தரும் மீட்டரை, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வங்கி வழியாகக் கட்டுபவருக்குக் குளிர்காலச் செலவு பன்னிரண்டு மாதத்துக்கும் பரவிவிடும். முன்பண மீட்டர்காரர் ஜனவரிச் செலவை ஜனவரியிலேயே கட்ட வேண்டும். பணம் தீர்ந்தால் எரிவாயு நின்றுவிடும். யாரும் வந்து துண்டிக்கத் தேவையில்லை, அதனால் நிறுவனத்தின் துண்டிப்புக் கணக்கிலும் அது வராது. அடுப்பே மூட்டாவிட்டாலும் தினசரி நிலைக் கட்டணம் கடனாக ஏறும். அடுத்த முறை பத்து பவுண்டு போட்டால் அதில் ஒரு பகுதியைப் பழைய கடன் விழுங்கிவிடும். வீடு புகுந்து கட்டாயமாக இந்த மீட்டரைப் பொருத்துவதை 2023 பிப்ரவரியில்தான் நிறுத்தி வைத்தார்கள்.

உதவித்தொகை ஏறுவதில் உள்ள தாமதத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 2022இல் அங்கே இருந்த விதிப்படி, விலைக் குறியீட்டின் சராசரி குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் அடுத்த மாதமே உதவித்தொகையும் ஓய்வூதியமும் 2 சதவீதம் ஏறும். அமைச்சரவை கூடிப் பேசவேண்டியதில்லை. அந்த ஆண்டு பலமுறை அப்படி ஏறியது. ஒரு குறை உண்டு: அந்தக் குறியீட்டில் பெட்ரோலும் டீசலும் சேராது. பேருந்து வராத ஊரிலிருந்து காரில் வேலைக்குப் போகிறவருக்கு அந்த விலையேற்றம் கைக்காசிலிருந்துதான்.