உருஷி மரத்தைக் கீறுபவர்

அவையோருக்கு வணக்கம்.

ஜப்பான் தன் கைவினைஞர்களை எப்படிக் காக்கிறது என்று கேட்டால், 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற பட்டத்தைத்தான் பலரும் சொல்வார்கள். 1949இல் ஹோர்யூஜி கோயிலில் தீப்பிடித்துப் பழைய சுவரோவியங்கள் கருகிப்போயின. அந்த அதிர்ச்சியில் மறு ஆண்டே பண்பாட்டுச் சொத்துகளுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955 முதல் தேர்ந்த கலைஞர்களுக்குப் பட்டமும் கொடுக்கிறார்கள். இப்போது ஆண்டுக்கு 20 லட்சம் யென் உதவித்தொகையும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டம் வாங்கியவருக்குப் பூச்சும் தூரிகையும் தருபவர் இல்லாமல் போனால், அவர் என்ன செய்வார்?

உருஷிப் பூச்சையே எடுத்துக்கொள்வோம். மரப் பாத்திரங்களுக்கும் கோயில்களுக்கும் மெருகாகப் பூசும் மரப்பால் அது. இவாத்தே மாநிலத்தில் ஜோபோஜி என்றொரு ஊர். அங்கே உருஷி மரத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்க்கிறார்கள். அப்புறம் ஒரே பருவத்தில், சில நாளுக்கு ஒரு கீறலாகக் கீறி, கசியும் பாலை வழித்தெடுக்கிறார்கள். ஒரு மரத்துக்குச் சுமார் 200 மில்லிதான், ஒரு டம்ளர் அளவு. பருவம் முடிந்ததும் மரத்தை வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தப் பால் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். பூசும் தூரிகையோ மனிதத் தலைமுடியால் ஆனது! அதற்கும் தனிக் கைவினைஞர் வேண்டும், கீறும் கத்திக்குத் தனிக் கொல்லர் வேண்டும்.

இவர்களை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1975இல் சட்டத்தைத் திருத்தி, மூலப்பொருள், கருவி செய்யும் திறன்களையும் பாதுகாப்பில் சேர்த்தார்கள். சரி, ஆனால் வாங்குவதற்கு ஆள்? சீனாவிலிருந்து மலிவான உருஷி வந்து குவிந்தது. கோயில் பழுதுபார்க்கும் வேலைக்குக்கூட அதுதான் போயிற்று. 2015இல் பண்பாட்டுத் துறை, தேசியப் பொக்கிஷமான கட்டடங்களைப் புதுப்பிக்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்றது. ஜோபோஜி நிமிர்ந்தது அதற்குப் பிறகுதான். புதிதாக மரங்கள் நட்டார்கள், வெளியூர் இளைஞர்களும் தொழில் பழக வந்தார்கள். பட்டத்தைவிட இந்த ஓர் உத்தரவு அதிகம் சாதித்தது என்பேன்.

2024 புத்தாண்டு அன்று நோட்டோ தீபகற்பத்தைப் பூகம்பம் உலுக்கியது. உருஷிப் பாத்திரங்களுக்குப் பேர்போன வாஜிமா அங்கேதான் இருக்கிறது. ஒரு கிண்ணத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். மரம் கடைபவர், அடிப்பூச்சுக்காரர், மெருகேற்றுபவர், மேல்பூச்சுக்காரர், பொன்தூள் ஓவியர் என்று தனித்தனிப் பட்டறைகள். இதில் ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் மற்றவர் கை கட்டிப்போகும். பூகம்பத்தில் இடிந்த பட்டறைகளுக்குப் பதிலாகத் தற்காலிகக் கூடங்கள் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றுக்குள் செய்யும் கிண்ணத்தை வாங்க ஆள் இருந்தால்தான், ஊரைவிட்டுப் போன கடைசல்காரர் திரும்பி வருவார்.