ஒரே தெருவுக்கு மூன்று முறை நிவாரணம், அடுத்த தெருவுக்கு ஒன்றுமில்லை: இதைத் தவிர்ப்பது எப்படி?

வணக்கம். 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பகுதியில் வந்த வெள்ளத்தைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசியதைக் கேட்டுவிட்டு, வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கும் தூத்துக்குடி மாவட்டத்து நேயர் ஒருவர் ஒரு சந்தேகத்தை அனுப்பியிருக்கிறார். அதை முதலில் வாசித்துவிடுகிறேன். "அந்த வெள்ளத்தின்போது நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டி, ஒரு லாரி நிறையப் பொருள் அனுப்பினோம். பிறகு விசாரித்தபோது, நாங்கள் கொடுத்த தெருவுக்கு அதற்கு முன்பே இரண்டு குழுக்கள் கொடுத்திருந்ததும், ஓடைக்கரையில் இருந்த வீடுகளுக்கு யாருமே போகவில்லை என்பதும் தெரிந்தது. அடுத்த முறை இப்படி நடக்காமலிருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பொருளாக அனுப்புவதா, பணமாக அனுப்புவதா?"

இந்தக் கேள்வியை மனம் வருந்திக் கேட்டிருக்கிறார் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதே மாவட்டத்து ஏரல் பகுதியில் அந்த நாட்களில் தன்னார்வலர்களோடு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கண்டது உங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்த தவறு அன்று, எங்களுக்கும் முதல் இரண்டு நாட்கள் அதேதான் நடந்தது. அது ஏன் நடக்கிறது என்பதை விளக்கினால், தவிர்க்கும் வழி அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

டிசம்பர் 18ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதும் அந்த மண்ணில் பெய்வதைக் காட்டிலும் அதிகமான மழை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் கொட்டியது. அதோடு தாமிரபரணியிலும் வெள்ளம் பெருக்கெடுத்தது, குளத்துக் கரைகள் உடைந்தன, சாலைகளும் பாலங்களும் அரித்துப் போயின, மின்சாரம் நின்றது, அதனால் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. வெளியூரிலிருந்து பொருள் ஏற்றி வந்த வண்டிகளோ, சாலை எதுவரை இருந்ததோ அதுவரை வந்து நின்றன. வண்டி நின்ற இடத்தில் இருந்தவர்களுக்கு எல்லாம் கிடைத்தது. அதற்கு அப்பால் இடுப்பளவு நீருக்குள் இருந்தவர்களின் குரலைக் கேட்கத் தொலைபேசிகூட இல்லை. கொடுத்தவர்கள் யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. சாலை முடிந்த இடத்தில் நிவாரணமும் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே, வெளியிலிருந்து வருபவர் முதலில் தேட வேண்டியது அந்த ஊரை வீடு வீடாக அறிந்த ஆட்களைத்தான். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டதால், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் அங்கேயே நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் சுமார் 300 பேர் அருகிலிருந்த பள்ளியொன்றில் தங்கவைக்கப்பட்டார்கள். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களோடு வந்து சேர்வதற்கு முன்னால், அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்தில் இருக்கும் புதுக்குடி ஊர் மக்கள். தங்கள் ஊரும் வெள்ளத்தில் தத்தளித்த வேளையில், கையிருப்பு அரிசியை எடுத்து உலை வைத்தார்கள். எந்தப் பேரிடரிலும் முதல் நாள் உதவி அக்கம்பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்த அக்கம்பக்கத்தாரின் அறிவை நாம் பயன்படுத்திக்கொள்ளும் வழிதான், உதவி வேண்டிய வீடுகளின் பட்டியல்.

பட்டியல் என்றவுடன் இது ஏதோ அலுவலக வேலை, பசித்தவனை நிறுத்திவைத்துப் பெயர் எழுதுவதா என்று சிலர் கோபித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சமைத்த உணவுக்கும் குடிநீருக்கும் பட்டியல் வேண்டாம். யார் வந்தாலும் கொடுக்க வேண்டும். ஆனால் அரிசி, பாய், போர்வை, பாத்திரம், பணம் என்று வரும்போது, எழுதாமல் கொடுப்பது பலமுள்ளவனுக்கே போய்ச் சேரும். கூட்டத்தில் முண்டியடித்து வண்டியருகே வர முடிந்தவர் வாங்கிக்கொள்வார். கைக்குழந்தைக்காரியும் கால் ஊன்ற முடியாத முதியவரும் திண்ணையிலேயே இருந்துவிடுவார்கள். இதை என் கண்ணால் கண்டபிறகுதான், லாரியின் மேலிருந்து பொட்டலங்களை வீசிக் கொடுப்பதற்கு இனி ஒருபோதும் துணை நிற்பதில்லை என்று எங்கள் குழு முடிவெடுத்தது.

எங்கள் பட்டியலை நாங்கள் அடுப்புக் கணக்கில் எழுதினோம். ஓர் அடுப்புக்கு ஒரு வரி. குடும்ப அட்டையை அடிப்படையாக வைத்திருந்தால், ஒரே அட்டையில் பெயர் இருந்தும் தனித்தனியே சமைத்துச் சாப்பிடும் மகன் வீடும் தாய் வீடும் ஒன்றாகிவிடும். அட்டையே இல்லாத வாடகைக் குடித்தனமும், வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்களும் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் வீட்டில் எத்தனை பேர், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உண்டா, கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, தினமும் மாத்திரை சாப்பிட வேண்டிய சர்க்கரை நோயாளி உண்டா, வீட்டுக்குள் நீர் எவ்வளவு உயரம் ஏறியது, சுவர் நிற்கிறதா, இவ்வளவையும் குறித்துக்கொண்டோம். எழுதியவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும். எந்த வீட்டில் யார் சுகமில்லாமல் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எழுதி முடித்ததும் அந்தத் தாளைத் தெருவின் பொது இடத்தில் சத்தமாக வாசித்தோம். நோய் விவரங்களை மட்டும் வாசிக்கவில்லை. அவை பிறர் அறிய வேண்டியவை அல்ல. விட்டுப்போன பெயர்களை அங்கிருந்தவர்களே சொன்னார்கள். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலு வீடு இருக்கே, அதை எழுதினீங்களா?" என்று ஒரு பாட்டி கேட்ட பிறகே எங்களுக்கு அந்த வீடுகள் இருப்பது தெரிந்தது. நேயர் சொன்ன ஓடைக்கரை வீடுகளும் அப்படித்தான் விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டியல் தயாரானபின், ஒவ்வொரு வரிக்கும் ஒரு டோக்கன் கொடுத்து, தெருவாரியாக நேரம் குறித்து வழங்கினால் தள்ளுமுள்ளு இராது. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு இளைஞர்களை ஒதுக்கிவிட வேண்டும். வாங்குபவரைப் பொருளோடு நிறுத்திப் புகைப்படம் எடுப்பதை அறவே தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம்வரை பத்துப் பேருக்குச் சோறு போட்ட கை அது. நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்டக் கையொப்பமிட்ட பட்டியலும் கடை ரசீதும் போதும்.

ஒரு குழு ஒழுங்காக வேலை செய்தாலும், பத்துக் குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் வேலை செய்தால் மூன்று முறை கொடுக்கும் பிழை திரும்பவும் வரும். இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாகப்பட்டினத்துக்கு நாடெங்கிலுமிருந்து தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தன. வந்த பழைய துணிகள் சாலையோரத்தில் மலைபோல் கிடந்து மழையில் மக்கின. அந்த நிலையில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமான ஸ்நேகாவும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தோடு கைகோத்து, ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. யார், எந்த ஊரில், எதைச் செய்கிறார்கள் என்ற விவரத்தை அந்த மையம் திரட்டிப் பகிர்ந்துகொண்டது. அதே மூன்று கேள்விகளை ஒரு கரும்பலகையில் எழுதிவைத்து, மாலை ஆறு மணிக்கு எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒருவர் வந்து அரைமணி நேரம் பேசினால்கூடப் போதும். மின்சாரமும் இணையமும் இல்லாத நாட்களில் அந்தக் கரும்பலகை எங்களுக்குப் பேருதவி செய்தது. கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சித் தலைவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துவிடுவது நல்லது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டத்தில் இந்தப் பொறுப்பின் தலைமை ஆட்சியரிடம் இருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. படகு தேவைப்படும் மீட்புப் பணியை நாமே செய்ய முயலாமல் அங்கே தெரிவிக்க வேண்டும்.

அடுத்து, பொருளா பணமா என்ற கேள்வி. எந்த நாளில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இதற்கு விடை மாறும். முதல் மூன்று நாட்கள் கடைகளும் நீருக்குள் கிடக்கும். அப்போது பணத்தை வைத்து என்ன வாங்குவது? சமைத்த உணவு, குடிநீர், குழந்தைக்குப் பால், மாதவிடாய் நாட்களுக்கான நாப்கின், மாற்று உடை, கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, இவைதாம் வேண்டும். நாப்கினையும் உள்ளாடையையும் ஆண்கள் கையால் வழங்காமல் பெண் தன்னார்வலர்களிடம் ஒப்படையுங்கள். தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்பியர் எனப்படும் பன்னாட்டு நிவாரணத் தரக் கையேடு, குடிக்க, சமைக்க, உடல் தூய்மைக்கு எனக் குறைந்தது ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 60 லிட்டர் ஆகிறது. பாட்டில் தண்ணீரால் இதை ஈடுகட்டவே முடியாது; ஆகவே ஒரு டேங்கர் லாரிக்கும், தெருமுனையில் வைக்கும் ஒரு சின்டெக்ஸ் தொட்டிக்கும் ஆகும் செலவை ஏற்பது பாட்டில்களை விடப் பெரிய உதவி.

நீர் வடிந்தபிறகு தேவை முற்றிலும் மாறுகிறது. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு நிற்கும். மண்வெட்டி, வாளி, துடைப்பம், பிளீச்சிங் பவுடர், கையுறை, ரப்பர் செருப்பு ஆகியவற்றை அந்த நேரத்தில் அனுப்புபவர் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அவற்றைத்தான் கேட்டார்கள். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு என்பதால், காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவ முகாமுக்கு அனுப்பிவிட வேண்டும். அடுப்பு, குக்கர், பாய், பிள்ளைகளின் பாடநூல் ஆகியவை அதற்கடுத்து வருகின்றன.

கடை திறந்துவிட்டால், அதற்குமேல் பணம்தான் சிறந்தது என்பது என் தீர்க்கமான கருத்து. ஒரு வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதை அந்த வீட்டுக்காரியை விட நாம் அறிந்துவிடப் போவதில்லை. மேலும், அந்தப் பணம் ஏரல் கடைத்தெருவிலேயே செலவாகும்போது, வெள்ளத்தில் சரக்கெல்லாம் இழந்த கடைக்காரரும் நிமிர்ந்து நிற்பார். வெளியூரில் வாங்கி இறக்குமதி செய்த அரிசி அவர் வியாபாரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். அரசும் அந்த முறையைத்தான் பின்பற்றியது: கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும், மற்றவற்றில் 1,000 ரூபாயும் நியாயவிலைக் கடைகள் வழியாக வழங்கப்பட்டன.

அந்தத் தொகை எட்டாதவர்கள் யார் என்று பார்ப்பதில்தான் உங்களைப் போன்ற குழுக்களின் உண்மையான இடம் இருக்கிறது. ஆற்றங்கரை நெடுக வாழை பயிரிட்டவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் அரசு இடுபொருள் நிவாரணம் உண்டு. ஆனால் அடங்கலில், அதாவது யார் எந்த நிலத்தில் என்ன பயிரிடுகிறார் என்ற கிராமப் பதிவேட்டில், பெயர் ஏறாமல் வாய்மொழியாகக் குத்தகை எடுத்தவருக்கு, நட்ட கன்றும் போய், கட்டிய குத்தகையும் போய், கடன் மட்டும் மிஞ்சும். வேலை நின்றுபோன உப்பளத் தொழிலாளி, வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகும் பெண்கள், தையல் இயந்திரத்தையோ தள்ளுவண்டியையோ ஆடுகளையோ இழந்தவர்கள், இவர்களையெல்லாம் மூன்றாவது வாரத்தில் போய்த் தேடுங்கள். முதல் வாரத்தில் நூறு வண்டி வந்த ஊருக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு வண்டியும் வருவதில்லை. திரட்டிய தொகையில் பாதியையாவது அந்த வாரத்துக்கு ஒதுக்கிவைக்கும்படி உங்கள் நண்பர்களிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அன்றைய உணர்ச்சி வேகத்தில் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடத் தோன்றும், நாங்களும் ஏறக்குறைய அப்படிச் செய்துவிட இருந்தோம்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர்களின் பங்களிப்பு அப்படி அன்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்புகள் மட்டுமே அதைப் பெறலாம். இரண்டையும் ஒரே கணக்கில் கலந்துவிடாதீர்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாகவே உங்கள் ஊருக்கு விடுமுறையில் வரும்போது ஒரு வேலை செய்யலாம். சுய உதவிக் குழுப் பெண்கள் இரண்டு பேரையும், தெருக்களை நன்கு அறிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு, அடுப்புக் கணக்கில் அந்தப் பட்டியலை இப்போதே எழுதிவிடுங்கள். ஓடைக்கரையிலிருந்து தொடங்குங்கள். ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும், ஒரு படி நீர் ஏறாத மாடி வீடு ஒன்றிலும் இருக்கட்டும்.