வாட்ச் பாதை இருக்கு என்கிறது, தரையில் பாதை இல்லை: ஃபெஞ்சலுக்குப் பிறகு ஏற்காட்டில் ஓட்டம்

சரி, ரெக்கார்ட் ஆகிறது. காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று 2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி ஆகப்போகிறது. கீழே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்குத் தயாராகிறார்கள், மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் இங்கே வரைக்கும் வருகிறது. நான் நிற்பது ஏற்காட்டில், ஒண்டிக்கடையில் இருந்து காபித் தோட்டங்கள் வழியாகச் சேர்வராயன் கோயில் பக்கம் ஏறும் என் பழைய ஓட்டப்பாதையில். கேமராவைக் கீழே திருப்புகிறேன், பாருங்கள். இது என் ஷூ. அதற்கு முன்னால் ஒரு முழம் மண். அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை, நேராகக் கீழே ஓடைதான்.

இந்த இடத்தில் நான் நூறு தடவைக்கு மேல் ஓடியிருப்பேன். இடது பக்கம் காபிச் செடி, வலது பக்கம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், நடுவில் ஒருவர் பின் ஒருவராகப் போகிற அளவுக்கு ஒற்றையடிப் பாதை. இப்போது வாட்சைப் பாருங்கள். போன வருஷம் பதிவு செய்த ரூட்டைப் போட்டிருக்கிறேன். நேராகப் போ என்று காட்டுகிறது. அந்தக் கோடு அந்தரத்தில் போகிறது. மழைக்குப் பிறகு மலையில் ஓட வருகிற ஒவ்வொருவரும் இதை ஒரு நிமிஷம் நின்று பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் கேமராவை வாட்சுக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுபோகிறேன். அந்தக் கோடு நவம்பர் மாதத்து மலையைக் காட்டுகிறது, நாம் நிற்பது ஜனவரி மாதத்து மலையில்.

என்ன நடந்தது என்று வெளியூரில் இருந்து பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகு வேகமாகப் போயிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, ஆனால் அது பல மணி நேரம் கரைப்பக்கமே அசையாமல் நின்றுவிட்டு, அப்புறம் வலுவிழந்து மெல்ல உள்மாவட்டங்களுக்குள் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காட்டில் அந்த ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது, அதற்கு முந்தின நாளே நல்ல மழை. சேலத்தில் இருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் பல இடங்களில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதே டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீடுகள் மேல் விழுந்து 7 பேர் இறந்துபோனார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். நான் இந்த வீடியோவை எடுக்க இரண்டு மாதம் காத்திருந்ததற்கு அது ஒரு காரணம். அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே ஷூவை மாட்டிக்கொண்டு மலையில் வீடியோ எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். புயல் என்றதும் காற்றுதான் எல்லாவற்றையும் சாய்த்தது என்று நினைப்போம். ஏற்காட்டில் அப்படி இல்லை, இங்கே வந்து சேர்ந்தபோது காற்றுக்குப் பெரிய பலம் இல்லை. மழைதான். மரங்கள் சாய்ந்ததும் மழையால்தான், வேர் பிடித்திருந்த மண்ணே ஊறி இளகிவிட்டது.

இந்த மலையின் அடி சார்னோக்கைட் என்கிற பாறை. சென்னை பல்லாவரத்தில் கிடைக்கிறதே, அதே வகை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகை என்பதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தப் பாறை கெட்டி, தண்ணீரை உள்ளே விடாது. அதன் மேலே லட்சக்கணக்கான வருஷமாக மக்கிய செம்மண் உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்தால் செம்மண் குடிக்கும், குடித்துக்கொண்டே இருக்கும், பாறையைத் தொட்டதும் தண்ணீர் நின்று, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் பக்கவாட்டில் ஓட ஆரம்பிக்கும். எண்ணெய் தடவிய தட்டில் ஈரமாவை வைத்துச் சாய்த்த மாதிரி. அப்புறம் எங்கே அடிவாரம் வெட்டப்பட்டிருக்கிறதோ அங்கே முதலில் போகும். சாலைக்காக வெட்டிய இடம், வீட்டுமனைக்காக வெட்டிய இடம், நம் ஒற்றையடிப் பாதைக்காக மண்வெட்டியால் ஓர் அடி செதுக்கிய இடமும்தான். இதோ என் எதிரில் தெரிகிறதே, அந்தச் சரிவின் மேல்விளிம்பைப் பாருங்கள். பாறை வழவழவென்று தெரிகிறது, அதன் மேல் இருந்த மண் மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டது.

மழைக்குப் பிறகு முதலில் நான் இங்கே வந்தது டிசம்பர் 22. ஓடவில்லை, நடந்தேன். கையில் ஒரு குச்சி, முதுகில் தண்ணீர், அவ்வளவுதான். மேலே இருந்து பார்த்தால் பாதை நன்றாக இருப்பது மாதிரியே இருந்தது. ஓடை அடித்துக்கொண்டு வந்த வண்டல் பாதை மேல் படிந்து, வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது, அதன் மேல் இலைச்சருகு. காலை வைத்தால் தாங்கும் என்று யாரும் நம்புவார்கள். குச்சியை ஊன்றினேன், முழங்கை வரைக்கும் இறங்கிவிட்டது. உள்ளே கூழ். அந்த இடத்தில் நான் எப்போதும் வேகம் எடுக்கிற இறக்கம் அது, யோசித்துப் பாருங்கள்.

அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது காபிப் பழம் பறிக்கிற கூடையோடு ஒரு வயதான அம்மா மேலே இருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி நிறுத்தினார். "அந்தப் பக்கம் போவாத கண்ணு, மேல கல்லு ஒண்ணு மண்ணுல தொத்திக்கிட்டு நிக்குது, ராத்திரி சரசரன்னு மண்ணு விழுற சத்தம் கேட்டுச்சு" என்றார். மழை நின்று மூன்று வாரம் ஆகிவிட்டதே, இன்னுமா பாட்டி என்று கேட்டேன். "மழை நின்னா மலை நின்னுருமா" என்று சொல்லிவிட்டு, வேறு வழியைக் காட்டினார். அது வழியே இல்லை, காபிச் செடிகளுக்கு நடுவில் அவர்கள் பறிக்கப் போகிற வரிசை. முக்கால் மணி நேரம் சுற்று. அவர்கள் தினமும் அப்படித்தான் போகிறார்கள், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு. நான் அவர் சொன்ன பக்கமே போய்த் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். 14 கிலோமீட்டர் போட்டிருக்கவேண்டிய நாளில் 5 கிலோமீட்டர் நடை. அந்த நாளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த அம்மா சொன்னது உண்மை. பெரிய மழை நின்ற பிறகும் உள்ளே இருக்கும் தண்ணீர் நாள்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஏற்கெனவே சரிந்த இடத்தின் மேல்விளிம்பு பிடிமானம் இல்லாமல் நிற்கும், அடுத்து ஒரு சின்ன மழை போதும். அதனால் நான் இப்போது எந்தச் சரிவுக்குப் பக்கத்தில் போனாலும் முதலில் மேலே பார்க்கிறேன். காலடியைப் பார்க்கிற பழக்கம் ஓடுகிற எல்லோருக்கும் உண்டு, மேலே பார்க்கிற பழக்கம் கிடையாது. மேலே தரையில் பிறை மாதிரி வளைந்த விரிசல் இருக்கிறதா? மரங்கள் சாய்ந்து, குடித்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு கோணத்தில் நிற்கின்றனவா? தெளிவாக ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று செந்நிறமாகக் கலங்கி வருகிறதா? சின்னக்கல் உருளுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் திரும்பிவிடுவேன், அங்கே நின்று யோசிக்கக்கூட மாட்டேன், வந்த வழியில் வெளியே வந்த பிறகுதான் யோசனை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் தயவுசெய்து மழைக்காலத்தில் மலையில் அதைக் கழற்றிவிடுங்கள். கல் உருளுகிற சத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே முன்னறிவிப்பாக இருக்கலாம். காட்டுமாடு மூச்சு விடுகிற சத்தமும் அப்படித்தான், ஏற்காட்டில் அது எங்கே எப்போது எதிரில் வந்து நிற்கும் என்று சொல்லமுடியாது. அவற்றின் வழக்கமான தடமும் இப்போது சரிந்துபோயிருக்கிறது, அதனால் நாங்கள் இதுவரை பார்க்காத இடங்களில் எல்லாம் குளம்படி தெரிகிறது.

அடுத்து, விழுந்த மரம். இதோ பாருங்கள், குறுக்கே ஒன்று கிடக்கிறது, அதன் அடியில் ஓர் இளமரம் வில்லு மாதிரி வளைந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. இதன் மேல் கால் வைத்துத் தாண்டலாம் என்றுதான் தோன்றும். வைக்காதீர்கள். பெரிய மரம் கொஞ்சம் நகர்ந்தாலோ, யாராவது கத்தியால் ஒரு வெட்டு போட்டாலோ அந்த வளைந்த மரம் நிமிர்ந்து அடிக்கும், தாடையும் கையும் உடைகிற வேகத்தில் அடிக்கும். மேலே பாருங்கள், சில்வர் ஓக்கின் முறிந்த கிளை பக்கத்து மரத்தில் தொங்குகிறது. எப்போது விழும் என்று தெரியாது. இதன் அடியில் நின்று செல்ஃபி எடுத்த படத்தை எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் போட்டிருந்தார், நான் நேரடியாக அவரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

அந்தக் குழுவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு தம்பி இந்தச் சரிவைக் குறுக்கே தாவித் தாண்டி ஓடுகிற வீடியோவைப் போட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கால் வேலை அருமை. ஆனால் அடுத்த ஞாயிறு அதே இடத்தைத் தாண்ட ஆறு பேர் வந்துவிட்டார்கள், அதில் இரண்டு பேருக்கு மலையில் ஓடுவது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தாவலிலும் விளிம்பு மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீடு இருக்கிறது, ஆட்கள் குடியிருக்கிறார்கள். நாம் உதைத்துவிடும் கல் எங்கே போய் நிற்கும்? அதைத்தான் கேட்டேன். அந்தத் தம்பி வீடியோவை எடுத்துவிட்டார், கோபித்துக்கொள்ளவும் இல்லை, அவருக்கு என் நன்றி.

இன்னொன்று, வழி அடைபட்டால் சுற்றிப்போவோம், அது சரி. ஆனால் ஒருவர் இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம் என்று சுற்றினால் ஒரு மாதத்தில் ஒரு பாதை நாலு பாதையாகிவிடும். அடுத்த மழைக்கு நாலிலும் தண்ணீர் ஓடி நாலும் ஓடையாகிவிடும். அதோடு நாம் மிதிக்கிறது யாரோ ஒருவருடைய காபிச் செடி. அதனால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எந்த வரிசையில் போகிறார்களோ அதில் மட்டும் போங்கள், அதுவும் கேட்டுவிட்டு. காட்டுக்குள் போகிற பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர் போன பிறகு வந்த விதிகள் அவை, வெறும் கெடுபிடியாக நினைத்துத் தட்டிக்கழிக்க எனக்கு வாய் வராது.

ஓடுவதைப் பற்றியே கேட்கிறவர்களுக்கு. ஏறும்போது பெரிய வித்தியாசம் இல்லை, இறங்கும்போதுதான் எல்லாம். செம்மண் ஷூவின் பல்லில் அப்பிக்கொண்டால் 5 மில்லிமீட்டர் பல்லும் ஒன்றுதான், மொட்டை ஷூவும் ஒன்றுதான், அதனால் நூறு நூற்றைம்பது அடிக்கு ஒரு தடவை கல்லில் தட்டிவிட்டுப் போகிறேன். காலடியைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றுவதில்லை, பாதம் முழுதும் உடம்புக்கு நேர் கீழே படுகிற மாதிரி வைக்கிறேன். வழுக்கினாலும் ஒரு சாண்தான் வழுக்கும். தெரியாத தரை வந்தால் நடைதான், வெட்கம் என்ன இருக்கிறது. முதல் தடவை நடை, இரண்டாம் தடவை பாதி நடை பாதி ஓட்டம், மூன்றாம் தடவை ஓட்டம். பத்து வருஷம் ஓடிய பாதையாக இருந்தாலும் எனக்கு இது இப்போது புதுப்பாதை.

கேமராவை இந்தப் பக்கம் திருப்புகிறேன். இது போன ஞாயிறு நடந்த வேலை. மேல் ஊர்க்காரர்கள் பதினைந்து பேர், எங்கள் குழுவில் இருந்து ஏழு பேர். இந்தப் பாதை நமக்கு வாரம் ஒரு நாள் ஓட்டம், அவர்களுக்கு இதுதான் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வழி. கடப்பாரை, மண்வெட்டி, கொடுவாள் எல்லாம் அவர்களுடையது, எப்படி வெட்டவேண்டும் என்கிற விவரமும் அவர்களுடையது, அவர்கள் சொன்னதை நாங்கள் செய்தோம். பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு சால் வெட்டி, கீழ்ப்பக்கம் கல் அடுக்கியிருக்கிறார்கள், தெரிகிறதா? மேலே இருந்து பாதையிலேயே ஓடிவருகிற தண்ணீரை அது பிடித்து வெளியே தள்ளிவிடும். இருபது முப்பது அடிக்கு ஒன்று. முன்பு இதையெல்லாம் நான் வெறும் கல்வரிசை என்று நினைத்து அதன் மேல் மிதித்து ஓடியிருக்கிறேன், சில கற்களை நானே இடறி நகர்த்தியும் இருப்பேன். இப்போது தாண்டித்தான் போகிறேன், நகர்ந்த கல் கண்ணில் பட்டால் நின்று எடுத்து வைத்துவிட்டுப் போகிறேன்.

இந்தச் சரிவு இருக்கிற துண்டு மட்டும் இந்த வருஷம் திறக்காது. ஊர்ப் பெரியவர்கள் தென்மேற்குப் பருவமழை ஒன்று போகட்டும், மண் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு மேல்வழியாகப் புதுத்தடம் போடலாம் என்கிறார்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் மற்ற இடமெல்லாம் நடக்கிற மாதிரி ஆகிவிடவேண்டும் என்பதுதான் இப்போதைய அவசரம். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு ஒண்டிக்கடையில் கூடுகிறோம். வருகிறவர்கள் கையுறை கொண்டுவாருங்கள், பழைய ஷூ போடுங்கள், குடிக்கிற தண்ணீர் உங்களுடையது, சாப்பாட்டை மேல் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓட்டம் உண்டா என்று கேட்காதீர்கள், வேலை முடிந்து நேரம் இருந்தால் இறங்கும்போது பார்க்கலாம்.

கீழே கொடியேற்றிவிட்டார்கள் போல, பாட்டு கேட்கிறது. நான் வந்த வழியிலேயே திரும்புகிறேன்.